வந்த வழியும் திரும்பும் வழியும்: இயங்குதளக் கருநிரலில் அழைப்புத் தடம்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினித் துறைக்குள்ளேயே ஒரு மூலையில் இருப்பது. கணினி ஒன்று மெதுவாக இயங்குகிறது. அதன் காலம் எங்கே செலவாகிறது என்று அறிய வேண்டும். அதற்கு, நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகிய அனைத்தையும் ஆளுகின்ற கருநிரலை, அதாவது கெர்னல் என்று துறையினர் வழங்கும் இயங்குதளத்தின் உள்ளகத்தை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். அளக்கும்போது “இந்த வேலை எந்த வழியாக வந்தது?” என்ற வினா எழும். அவ்வினாவுக்குக் கருவிகள் சில வேளைகளில் தவறான விடை தந்தன. அத்தவறு எவ்வாறு நேர்ந்தது, லினக்ஸ் கருநிரலில் அது எவ்வாறு திருத்தப்பட்டது என்பதே இவ்வுரையின் பொருள்.

இதனைத் தமிழவையில் பேசுவதற்குக் காரணம் இரண்டு. கணினியின் ஆழமான செய்திகளையும் தமிழில் எண்ணவும் விளக்கவும் இயலும் என்பதனைச் செய்து காட்டுவது ஒன்று. அளவுகோல் பொய் சொன்னால் அறிவு எவ்வாறு பிழைபடும் என்பதற்கு இப்பொருள் தெளிவான சான்றாக அமைவது மற்றொன்று.

அடுக்கு என்பது யாது?

நிரல் என்பது பல செயற்கூறுகளால் ஆனது. ஒரு செயற்கூறு தன் வேலையின் நடுவில் மற்றொன்றை அழைக்கும். அது இன்னொன்றை அழைக்கும். அழைக்கப்பட்டது முடிந்தவுடன், அழைத்தது விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அந்த இடத்தின் முகவரியைக் கணினி நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதி வைக்கிறது. இதுவே அடுக்கு. விருந்து முடிந்து கழுவிய தட்டுகளை அடுக்கினால், கடைசியில் வைத்த தட்டே முதலில் கைக்கு வரும். அடுக்கும் அத்தகையதே.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இதனை இன்னும் எளிதாக உணர்த்தலாம். வினையெச்சம் தன்னளவில் முடிவதில்லை. முற்றுவினையை எதிர்நோக்கி நிற்கும். “அவன் சென்று, பார்த்து, கேட்டு” என்று நிறுத்தினால் கேட்போர் மனம் மேலும் காத்திருக்கும். அடுக்கில் உள்ள செயற்கூறுகளும் எச்சங்களே. ஒவ்வொன்றும் தான் அழைத்தது முடிவதற்காகக் காத்து நிற்கிறது. இக்கணத்தில் இயங்குவது உச்சியில் உள்ள ஒன்று மட்டுமே.

இவ்வடுக்கை உச்சியிலிருந்து அடிவரை படித்தால், இன்னது இன்னதனை அழைத்தது என்ற வரிசை கிடைக்கும். அவ்வரிசையை அழைப்புத் தடம் என்றும், அதனைப் படித்தெடுக்கும் வேலையைத் தடம் அவிழ்த்தல் என்றும் இவ்வுரையில் குறிப்போம்.

அளவாய்வில் தடத்தின் தேவை

கருநிரலை அளப்பதற்கு லினக்ஸில் பெர்ஃப் என்னும் கருவி உள்ளது. அது மையச் செயலகத்தை நொடிக்குப் பலமுறை இடைமறித்து, அக்கணத்தில் எந்த ஆணை இயங்குகிறது என்று குறித்துக்கொள்கிறது. நொடிக்கு 99 முறை என்பது பலர் கையாளும் அளவு. நூறு என்று வைத்தால், நொடிக்கு நூறு முறை தானே எழுந்து இயங்கும் வேறொரு வேலையோடு அளவாய்வு ஒத்திசைந்து, எப்போதும் அதனையே பார்க்கவோ, ஒருபோதும் பாராமல் விடவோ நேரலாம். ஆதலால் ஒன்று குறைத்து வைக்கின்றனர். எட்டு உள்ளகங்கள் கொண்ட கணினியை ஒரு நிமிடம் இவ்வாறு அளந்தால், 99 × 8 × 60, அதாவது 47,520 மாதிரிகள் கிடைக்கும்.

இயங்கும் ஆணையை மட்டும் குறித்தால் போதாது. “காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு நினைவகத்தைப் படியெடுக்கும் செயற்கூற்றில் செலவாகிறது” என்று தெரிந்தால் என்ன செய்ய இயலும்? அச்செயற்கூற்றைக் கருநிரலில் மிகப் பல இடங்கள் அழைக்கின்றன. வட்டிலிருந்து கோப்பு படித்ததால் வந்ததா, வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பியதால் வந்ததா என்று அறிந்தால்தான் திருத்த முடியும். ஆகவே ஒவ்வொரு மாதிரியோடும் அழைப்புத் தடமும் வேண்டும். 2011-ஆம் ஆண்டில் பிரெண்டன் கிரெக் உருவாக்கிய சுடர் வரைபடம் இத்தடங்களை ஒன்றாகத் திரட்டி, ஒவ்வொரு வழியிலும் செலவான காலத்தை அகலத்தால் காட்டுகிறது. இன்று உலகெங்கும் பொறியாளர்கள் அவ்வரைபடத்தைப் பார்த்தே முடிவெடுக்கின்றனர். தடம் பிழையானால் வரைபடம் பிழையாகும். வரைபடம் பிழையானால் முடிவும் பிழையாகும்.

சட்டகச் சுட்டி

அடுக்கில் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் உரிய பகுதியைச் சட்டகம் என்போம். அதில் திரும்பு முகவரியோடு வேறு பல தரவுகளும் கலந்து கிடக்கும். எந்த இடத்தில் திரும்பு முகவரி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய முறை எளியது. ஒவ்வொரு செயற்கூறும் தொடங்கும்போது, முந்தைய சட்டகத்தின் முகவரியை அடுக்கில் எழுதிவிட்டு, தன் சட்டகத்தின் முகவரியை ஒரு பதிவகத்தில் வைத்துக்கொள்ளும். அப்பதிவகமே சட்டகச் சுட்டி. ஒவ்வொரு சட்டகமும் முந்தையதைச் சுட்டுவதால், சங்கிலியின் கண்ணிகளைப் பற்றிச் செல்வதுபோல அடிவரை செல்லலாம். விரைவானது, எளிதில் விளங்குவது.

ஆயினும் இதற்கு விலை உண்டு. 32 பிட் எக்ஸ்86 வகையில் பொதுப் பதிவகங்கள் எட்டே. அவற்றில் ஒன்றை இதற்கென ஒதுக்குவது பெரிய இழப்பு. 64 பிட் வகையில் பதினாறு இருப்பதால் இழப்பு குறைவு. எனினும் ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் கூடுதல் ஆணைகள் சேர்கின்றன. லினக்ஸ் கருநிரலின் ஆவணம் தரும் கணக்கின்படி, சட்டகச் சுட்டியைச் சேர்த்தால் ஆணைப் பகுதியின் அளவு ஏறத்தாழ 3.2 விழுக்காடு கூடுகிறது. மெல் கோர்மன் செய்த அளவீடுகளில், சில வகை வேலைகள் 5 முதல் 10 விழுக்காடு வரை மெதுவாயின. அளப்பதற்காகவே எல்லாரும் எப்போதும் இவ்விலையைக் கொடுக்க வேண்டுமா என்ற வினா எழுந்தது. நிரலை ஆணைகளாக மாற்றும் தொகுப்பிகளோ, வேகத்தின்பொருட்டுச் சட்டகச் சுட்டியை விட்டுவிடும் வழக்கத்தை முன்னரே மேற்கொண்டிருந்தன.

தடம் எங்கே பிழைபடுகிறது?

விலை ஒருபுறமிருக்க, சட்டகச் சுட்டி இருந்தாலும் தடம் முற்றிலும் சரியாக இருப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

‘கோப்பைப் படி’ என்னும் செயற்கூறு ‘பக்கத்தைத் தேடு’ என்பதனை அழைக்கிறது. அது ‘பூட்டை எடு’ என்பதனை அழைக்கிறது. ‘பூட்டை எடு’ என்பதன் முதல் ஆணையிலேயே அளவாய்வுக் கருவி இடைமறிக்கிறது என்று கொள்வோம். அக்கணத்தில் ‘பூட்டை எடு’ தன் சட்டகத்தை இன்னும் அமைக்கவில்லை. பதிவகத்தில் இருப்பது ‘பக்கத்தைத் தேடு’ என்பதன் சட்டகம். அச்சட்டகத்திலிருந்து திரும்பு முகவரியை எடுத்தால், அது ‘கோப்பைப் படி’ என்பதனுள் கொண்டுபோய் விடும். விளைவு, தடத்தில் ‘கோப்பைப் படி’, ‘பூட்டை எடு’ ஆகிய இரண்டும் இருக்கும். நடுவில் உள்ள ‘பக்கத்தைத் தேடு’ காணாமற்போகும்.

இங்கே உற்று நோக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தடம் பிழையானது போலத் தோன்றுவதில்லை. அறுந்த தடமாயின் பார்த்தவுடன் ஐயம் எழும். இதுவோ முழுமையாகவும் பொருத்தமாகவும் காட்சியளிக்கிறது. பார்ப்பவர், ‘கோப்பைப் படி’ நேரடியாகப் பூட்டை எடுக்கிறது என்று நம்பி, திருத்த வேண்டிய செயற்கூற்றை விட்டுவிட்டு வேறொன்றில் நாள்கணக்கில் உழைப்பார். கணினியின் ஆணைகளையே நேராக எழுதும் இயந்திர அண்மை மொழியில் அமைந்த செயற்கூறுகள் சட்டகமே அமைக்காமல் ஓடும்போதும் இதே பிழை நேரும்.

வேறு இடர்களும் உள. செயற்கூறுகளின் தொடக்கத்தையும் முடிவையும் கண்காணிக்கும் கருவிகள், அடுக்கில் உள்ள திரும்பு முகவரியை எடுத்துவிட்டுத் தம் முகவரியை வைத்துவிடுகின்றன. தடம் அவிழ்ப்பவர் அதனைப் படித்தால் அழைத்தவரைக் காணமாட்டார், கண்காணிப்பவரையே காண்பார். உண்மையான முகவரி தனியே ஒரு பட்டியலில் இருப்பதால், அதனைத் தேடி எடுத்து இட வேண்டும்.

இன்னொன்று மிக நுண்ணியது. திரும்பு முகவரி என்பது அழைப்புக்கு அடுத்த ஆணையின் முகவரி. ஒரு செயற்கூற்றின் கடைசி ஆணையே, மீண்டும் திரும்பி வராத ஒன்றை அழைப்பதாக இருந்தால், அடுத்த முகவரி பக்கத்துச் செயற்கூற்றுக்கு உரியதாகிவிடும். தொடர்பே இல்லாத ஒன்றன் பெயர் தடத்தில் ஏறும். இதற்குரிய திருத்தம், முகவரியிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுத் தேடுவது. ஒரே ஓர் எண்; அது தவறினால் குற்றமற்ற ஒருவர் மேல் பழி விழுகிறது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஓர் உண்மையை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். அடுக்கில் எழுதப்பட்டிருப்பது திரும்பிச் செல்ல வேண்டிய வழி. அதனையே நாம் வந்த வழி என்று படிக்கிறோம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றே, எப்போதும் அன்று. ஒரு செயற்கூற்றின் இறுதி வேலை மற்றொன்றை அழைப்பது மட்டுமே எனில், தொகுப்பி அவ்வழைப்பை வெறும் தாவலாக மாற்றிவிடும். திரும்பி வரத் தேவை இல்லாததால் அழைத்ததன் சுவடே அடுக்கில் இராது. எவ்வளவு சிறந்த முறையாலும் அதனை அடுக்கிலிருந்து மீட்க இயலாது.

2006-ஆம் ஆண்டின் பாடம்

சட்டகச் சுட்டியின்றித் தடம் அவிழ்க்க வேறு வழி உண்டு. ஒவ்வோர் ஆணையிலும் சட்டகம் எவ்வாறு இருக்கும் என்பதனைத் தொகுப்பி ஒரு குறிப்பாக எழுதி வைக்கலாம். டுவார்ஃப் என்னும் வடிவம் அதற்கென ஏற்பட்டது. பிழைதிருத்தும் கருவிகள் அதனை நெடுநாளாகக் கையாள்கின்றன.

லினக்ஸ் கருநிரலிலும் 2006-இல் டுவார்ஃப் வழித் தடம் அவிழ்ப்பான் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை நீக்கிவிட்டார். டுவார்ஃப் மிக விரிந்த வடிவம். தனக்கென ஒரு சிறு கணிப்பு மொழியையே உடையது. கருநிரல் நிலைகுலையும்போதுதான் தடம் மிகவும் வேண்டப்படும். அந்நேரத்தில் அடுக்கும் சிதைந்திருக்கலாம். குறிப்பும் பிழையாக இருக்கலாம். சிக்கலான அவிழ்ப்பான் அப்போது தானே தடுமாறி விழுந்தால், முதலில் நேர்ந்த கோளாறின் செய்தியும் சேர்ந்து மறைந்துபோகும். மருத்துவரே மயங்கி விழுந்தால் நோயாளியின் நிலை என்ன? மேலும், இயந்திர அண்மை மொழிப் பகுதிகளுக்குரிய டுவார்ஃப் குறிப்புகளை மனிதரே கைப்பட எழுத வேண்டியிருந்தது. அவை பிழைபட்டால் எச்சரிப்பாரும் இல்லை.

ஓர்க் என்னும் தீர்வு

பத்தாண்டுகளுக்குப் பின் ஜாஷ் பொயம்போ வேறொரு வழியைக் கண்டார். அவர் உருவாக்கிய ஓர்க் என்னும் தடம் அவிழ்ப்பான், 2017-இல் வெளிவந்த லினக்ஸ் 4.14 பதிப்பில் இடம்பெற்றது. பெயரில் ஒரு நகைச்சுவை உண்டு. இயக்கக் கோப்பின் வடிவத்துக்கு எல்ஃப் என்று பெயர். குறிப்பின் வடிவத்துக்கு டுவார்ஃப் என்று பெயர். இரண்டும் மேலை நாட்டுப் பழங்கதைகளில் வரும் மாந்தரினங்களை நினைவூட்டுவன. டுவார்ஃபுகளுக்குப் பகைவராகக் கதைகளில் வருவோர் ஓர்க்குகள்.

இதன் முறை மூன்று படிகளில் அமைகிறது. முதற்படியில், தொகுப்பி தன் வேலையை முடித்த பிறகு, ஆப்ஜ்டூல் என்னும் கருவி உருவான ஆணைகளையே நேரடியாகப் படிக்கிறது. கிளை பிரியும் ஒவ்வொரு வழியிலும் சென்று, எந்த ஆணையில் அடுக்கு எந்நிலையில் இருக்கும் என்று கணக்கிடுகிறது. யாரோ எழுதிய குறிப்பை நம்பாமல், இயங்கப்போகும் ஆணைகளையே சான்றாகக் கொள்வதால், கையால் எழுதிய பகுதிகளும் சரிபார்க்கப்படுகின்றன. ஒழுங்கு மீறிய இடங்களை அது எச்சரிக்கவும் செய்கிறது.

இரண்டாம் படியில், அக்கணக்கு மிக எளிய அட்டவணையாக எழுதப்படுகிறது. “இந்த ஆணை முதல் அந்த ஆணை வரை, முந்தைய சட்டகம் அடுக்கின் உச்சியிலிருந்து இத்தனை பைட் தொலைவில் உள்ளது” என்னும் அளவே ஒரு பதிவு. கணிப்பு மொழி எதுவும் இல்லை. குறுக்கீடு வந்த இடத்தில் எல்லாப் பதிவகங்களும் அடுக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதற்கெனத் தனி வகைப் பதிவும் உண்டு. அதனால் குறுக்கீட்டைக் கடந்தும் தடம் சரியாகத் தொடர்கிறது.

மூன்றாம் படி, இயங்கும்போது நடப்பது. முகவரி வரிசைப்படி அடுக்கப்பட்ட அட்டவணையில், அகராதியில் சொல் தேடுவதுபோலப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடி, உரிய பதிவைக் கண்டு, அடுத்த சட்டகத்துக்குச் செல்கிறது. நாம் முன்னர்க் கண்ட 47,520 மாதிரிகளில் ஒவ்வொரு தடமும் முப்பது படி ஆழம் என்று கொண்டால், பதினான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட தேடல்கள் நிகழும். வேகம் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

மேலே கண்ட எடுத்துக்காட்டுக்கு இப்போது திரும்புவோம். ‘பூட்டை எடு’ என்பதன் முதல் ஆணையில் இடைமறித்தாலும், அந்த ஆணைக்கெனத் தனிப் பதிவு அட்டவணையில் உள்ளது. சட்டகம் இன்னும் அமையவில்லை என்பது அதற்குத் தெரியும். ஆதலால் காணாமற்போன ‘பக்கத்தைத் தேடு’ தன் இடத்தில் வந்து நிற்கிறது.

இதற்கும் விலை உண்டு. அட்டவணைகளுக்காக, கருநிரலின் அமைப்பைப் பொறுத்து, 2 முதல் 4 மெகாபைட் வரை நினைவகம் கூடுதலாக வேண்டும். ஆயின் அளவாய்வு நடைபெறாத நேரத்தில் இயக்கம் சிறிதும் மெதுவாவதில்லை. அளப்பவர் மட்டுமே அளப்பதற்கான காலத்தைச் செலுத்துகிறார்.

அறியாததை அறியாதது எனல்

லினக்ஸ் கருநிரல் நிலைகுலையும்போது திரையில் தோன்றும் தடத்தில், சில பெயர்களுக்கு முன் ஒரு வினாக்குறி இருக்கும். அடுக்கில் அம்முகவரி கிடந்தது. ஆயினும் அது உண்மையான தடத்தின் பகுதியா, முன்பு நடந்து முடிந்த வேலையின் எச்சமா என்று உறுதி சொல்ல இயலவில்லை என்பது அதன் பொருள். ஐயத்துக்கு உரியதை மறைக்காமல் காட்டுகிறது. உறுதியானதோடு கலக்காமலும் காட்டுகிறது. அந்தச் சிறு குறியின் பின்னால் பெரிய நேர்மை இருக்கிறது.

அந்நேர்மை உயிர்நிலையாக விளங்கும் இடமும் உண்டு. மருத்துவமனை, வங்கி போன்ற இடங்களில் கணினியை நிறுத்தாமலேயே கருநிரலின் செயற்கூறுகளை மாற்றும் முறை, உயிரோட்டத் திருத்தம், லினக்ஸில் 2015 முதல் உள்ளது. 2017-இல் அது விரிவாக்கப்பட்டு, ஒவ்வொரு பணியின் அடுக்கையும் பார்த்து, மாற்றப்படும் செயற்கூறு அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே அப்பணியைப் புதியதற்கு மாற்றும் ஏற்பாடு வந்தது. இங்கே ஒரு பெயர் தடத்திலிருந்து விடுபட்டால், பழையதும் புதியதும் கலந்து, ஓடும் கணினியே வீழக்கூடும். ஆகையால் இதற்கெனத் தனி விதி வகுத்தனர். தடம் ஐயமற்றது என்றால் மட்டுமே தர வேண்டும். ஐயம் சிறிதேனும் இருந்தால் தர இயலாது என்று மறுத்துவிட வேண்டும். மறுப்பினால் சிறிது காலம் கழித்து மீண்டும் முயலலாம். பொய்யான உறுதியினால் நேரும் கேட்டுக்கோ மாற்றில்லை.

பயனர் நிரல்களின் நிலை

கருநிரலுக்கு வெளியே, நாம் நாள்தோறும் கையாளும் நிரல்களின் தடம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. அவற்றுக்கு ஓர்க் அட்டவணை இல்லை. அடுக்கின் ஒரு பகுதியை அப்படியே படியெடுத்து வைத்துக்கொண்டு, பின்னர் டுவார்ஃப் வழியாக அவிழ்க்கலாம். பெர்ஃப் கருவி இயல்பாக மாதிரி ஒன்றுக்கு 8 கிலோபைட் வரை படியெடுக்கும். 47,520 மாதிரிகளுக்கு அது முந்நூறு மெகாபைட்டைத் தாண்டும். ஆழமான அடுக்காயின் அதுவும் போதாமல் தடம் நடுவில் அறும்.

ஆகவே 2023-இல் ஃபெடோரா 38 வெளியீடு, தன் நிரல்கள் அனைத்தையும் சட்டகச் சுட்டியோடு தொகுக்க முடிவு செய்தது. வேகம் குறையும் என்று சிலர் எதிர்த்தனர். காண இயலாததைத் திருத்த இயலாது என்று சிலர் வாதிட்டனர். 2024-இல் உபுண்டு 24.04 வெளியீடும் 64 பிட் வகைகளில் அவ்வழியைப் பின்பற்றியது. இதற்கிடையே, ஓர்க் போன்ற எளிய அட்டவணையைப் பயனர் நிரல்களுக்கும் தரும் எஸ்ஃபிரேம் என்னும் வடிவம் உருவாகி வருகிறது. ஒரே சிக்கலுக்குக் கருநிரல் ஒரு விடையையும், பயனர் நிரல்கள் மற்றொரு விடையையும் கண்டன. இரண்டும் தத்தம் சூழலில் பொருந்துவனவே.

நிறைவுரை

ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று. அடுக்கு என்னும் பாடத்தைக் கற்பிக்கும்போது, இடுதல், எடுத்தல் ஆகிய இரு செயல்களோடு நிறுத்திவிடாமல், அதிலிருந்து தடத்தைப் படிப்பதையும் கற்பிக்கலாம். மூன்று மாணவரை வரிசையாக நிறுத்தி, ஒருவர் மற்றவரை அழைப்பதாகவும், ஒவ்வொருவரும் திரும்ப வேண்டிய இடத்தைத் தாளில் எழுதி அடுக்குவதாகவும் நடத்திக் காட்டலாம். மூன்றாமவர் எழுதத் தொடங்கும் முன்னர் வகுப்பை நிறுத்தி, “இப்போது தடத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், காணாமற்போகும் பெயரின் கதையை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

மாணவச் செல்வங்களுக்குச் சொல்வதும் ஒன்றே. கருவி காட்டும் படம் அழகாக இருப்பதனாலேயே அதனை நம்பிவிடாதீர்கள். அது எவ்வாறு அறிந்தது, எந்த இடத்தில் அறிய இயலாமற்போகும் என்று கேளுங்கள். நீங்கள் ஒரு நாள் கருவி செய்தால், அதற்குத் தெரியாத இடத்தில் ஒரு வினாக்குறி இடக் கற்றுக்கொடுங்கள்.

இப்பொருளை விளக்க நமக்கு அடுக்கு, சட்டகம், சுட்டி, தடம் என்னும் சொற்கள் போதுமாயிருந்தன. பெர்ஃப், ஓர்க் போன்ற பெயர்களைப் பெயர்களாகவே ஏற்றுக்கொண்டோம். எச்சமும் முற்றும் அறிந்த மாணவர்க்கு, காத்து நிற்கும் செயற்கூற்றின் நிலை புதிதன்று. இவ்வழியில் மேலும் பல பொருள்களைத் தமிழில் பேச இளையோர் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நம் உரையை நிறைவு செய்கிறோம்.